பதினொன்றாம் எண் காலி

“பெட்டியோட பின்பக்கம் பாருங்க. மஞ்சள் கலர்ல ஒரு ஒயர் சொருகியிருக்கா?”

“இருக்கும்மா.”

“அதைக் கழட்டிட்டு, பக்கத்துல இருக்கற ஓட்டையில...”

மறுமுனையில் இருந்த மருந்துக்கடைக்காரரின் குரல் முதலில் தகரத்தில் ஆணி உரசியதுபோல ஆனது. அடுத்து எழுத்து எழுத்தாக உதிர்ந்தது. அப்புறம் ஒன்றுமே இல்லை.

சுண்டு ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். மருந்துக்கடைகள், சின்ன ஆஸ்பத்திரிகள் என்று ஊரார் இன்டர்நெட் இணைப்பையெல்லாம் போனிலேயே சரிசெய்து கொடுக்கிற உத்தியோகம் அவளுக்கு. அவளுடைய இணைப்பு மட்டும் அறுந்துகொண்டே இருந்தது.

“பல் டாக்டருக்குச் சொத்தைப் பல்லுன்னாகூட இவ்வளவு கேவலம் இல்ல,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சேர்ந்து சிரிக்க ஆள் இல்லாததால் சிரிப்பு வரவில்லை.

இந்த வீட்டுக்குள் இப்போதுதான் நுழைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லிஃப்டுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற அப்பாவும், அவருடைய ஒரே மகள் சுண்டுவும் மாடியில் இருக்கிறார்கள். கீழே அத்தையின் தையல் கடை. அம்மா இங்கே இல்லை. “நாள் பூரா அந்தத் திரையோடதான் உனக்குக் குடித்தனம்” என்று அப்பா ஒருநாள் கத்த, “நீங்க பேசினா நான் ஏன் அதைப் பாக்கறேன்” என்று அம்மா சொன்னாள். மறுநாள் தன் தங்கை வீட்டுக்குக் கிளம்பிப் போனவள், இன்னும் திரும்பவில்லை. பழைய போன் நம்பரையும் விட்டுவிட்டாள். சித்தியைக் கேட்டால், “நல்லாத்தான் இருக்கா. கொஞ்ச நாள் அவளை விடுங்க” என்பதோடு சரி.

அம்மாவிடமிருந்து சுண்டுவுக்கு எஞ்சியிருந்தது ஒரு விளையாட்டு.

அம்மா தன் டேப்பில், அந்த அகலமான தொடுதிரையில், ராப்பகலாகப் பார்த்துக்கொண்டிருந்த அதே விளையாட்டுத்தான். ஆளுக்கு ஒரு சின்னத் தோட்டம். காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை நீர் ஊற்றாவிட்டால் செடிகள் தலை தொங்கிவிடும். அடுத்த தோட்டத்துக்கும் ஊற்றலாம். பேச முடியாது. எழுத முடியாது. அதிகபட்சம் ஒரு பூ அனுப்பலாம். அம்மா போன சில வாரங்களில் சுண்டு தன் போனில் ஒரு கணக்குத் தொடங்கி, அம்மாவின் தோட்டத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்தாள். சொந்தப் பெயரைப் போட்டால் அம்மா விலகிவிடுவாளோ என்று பயம். அதனால் ‘தவளை’ என்று வைத்தாள். மழை விழுந்த உடனே ஜன்னலில் போய் உட்கார்ந்து ராகம் இழுக்கிற அம்மாவுக்கு, அப்பா வைத்த கேலிப் பெயர் அது. இந்த மூன்று பேரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. பார்த்ததும் அம்மாவுக்குப் புரியும்.

புரிந்ததுபோலத்தான் இருந்தது. தினமும் தவறாமல், ‘அம்மா உங்கள் தோட்டத்துக்கு நீர் ஊற்றினார்’ என்று அவள் போன் சொல்லிக்கொண்டிருந்தது. நேற்று ஒரு பூவே வந்தது. சுண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு பதிலுக்கு ஒரு பூ அனுப்பினாள்.

சரி, அறுந்த லைனுக்கு வருவோம்.

லைன் திரும்பி வந்ததும் மேலாளர் மேடம்தான் முதலில் கூப்பிட்டார்.

“மருந்துக்கடைக்காரர் புகார் கொடுத்திருக்கார். பேசிட்டு இருக்கும்போதே போனை வெச்சிட்டீங்கன்னு.”

“நான் வைக்கல மேடம். லைன் போயிடுச்சு.”

“மூணு வாரமா இதையேதான் சொல்றீங்க. இன்னிக்கு மூணு மணிக்கு நானே உங்க காலைக் கூட இருந்து கேக்கப்போறேன். அப்பவும் போச்சுன்னா, திங்கக்கிழமையில இருந்து தலைமை ஆபீசுக்கு வந்துடுங்க. இங்க ஹாஸ்டல் இருக்கு.”

“அப்பா தனியா இருக்கார் மேடம்.”

“எனக்குப் புரியுது. கிளையன்ட்டுக்குப் புரியாதே.”

தலைமை ஆபீஸ் வேறு ஊர். போக ஒரு முழு நாள் பிரயாணம். அம்மா போனபோது வீட்டில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். அவளும் போனால் ஒருவர்தான்.

சுண்டு அப்பாவின் அறையைப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. அவளுடைய கதவும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஒரு சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்துகொண்டு, ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைகூடப் பேசாமல் வாழ்வதற்கு இருவரும் நன்றாகவே பழகியிருந்தார்கள்.

மூன்று மணிக்குள் கண்டுபிடிக்க வேண்டும்.

*

இணைப்பு அறுகிறது என்று சொன்னால் எங்கே அறுகிறது என்று கேட்க வேண்டும். அதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். ஒரு குரல் இந்த மேசையிலிருந்து வெளியூருக்குப் போவதற்குள் பல கைகள் மாறுகிறது. கம்ப்யூட்டரிலிருந்து ஒயர் வழியாக, கூடத்தில் இருக்கும் ரவுட்டருக்கு. ரவுட்டரிலிருந்து தெருக்கம்பத்துக்கு. அங்கிருந்து கம்பெனிக்காரனின் கட்டடத்துக்கு, அப்புறம் உலகத்துக்கு. எந்தக் கை நழுவவிடுகிறது?

அவசரப்படுகிறவர்கள் எல்லாவற்றையும் அணைத்துப் போடுவார்கள். சில சமயம் சரியாகிவிடும். ஏன் சரியானது என்று மட்டும் தெரியாது, அதனால் மறுநாள் மறுபடியும் வரும். சுண்டு அந்த ரகம் இல்லை.

அவள் முதலில் ரவுட்டரின் முன்னால் போய்க் குந்தினாள். எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறேன் என்று ரவுட்டர் தனக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கும். நடுவில் கரண்டு போய் வந்திருந்தால் அந்தக் கணக்கு முதலிலிருந்து தொடங்கியிருக்கும். போன வாரத்திலிருந்து அது தூங்கவே இல்லை. ஆனாலும் சந்தேகம் என்று வந்துவிட்டால் கீழ்வீட்டையும் விடக்கூடாது.

அத்தை ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். வாயில் இரண்டு குண்டூசி.

“அத்தை, மிஷினைக் கொஞ்ச நேரம் நிறுத்துங்களேன்.”

“ஏண்டி? உன் நெட்டுக்கு என் மிஷின் சத்தம் ஆகலையாமா?”

“சத்தம் இல்ல. மோட்டார் ஓடும்போது கரண்டுல ஏத்த இறக்கம் வரலாம். அதான் பாக்கறேன்.”

அத்தை குண்டூசிகளை எடுத்துக் குட்டிப் பஞ்சுத் திண்டில் குத்தினாள். “பாரு, நல்லாப் பாரு. இருபது வருஷமா இந்த மிஷின் ஓடுது. அப்பெல்லாம் யார் லைன் அறுந்துச்சு?”

“அப்ப லைனே இல்ல அத்தை.”

“அதைத்தான் சொல்றேன். நிம்மதியா இருந்தோம்.”

“எங்க ரவுட்டர்ல நாள் பூரா சமையல் வீடியோ பாக்கறது யாரு?”

“பாக்கறேன். சமைச்சனா? இல்லல்ல. அப்ப யாருக்கு என்ன நஷ்டம்?”

சுண்டு சிரித்துவிட்டாள். இன்றைய நாளின் முதல் சிரிப்பு.

“மேல உங்கப்பா என்ன பண்றார்?”

“ரூம்ல இருக்கார்.”

“ரூம்ல என்ன பண்றார்?”

“தெரியல. கதவு சாத்தியிருக்கு.”

“நீ?”

“நானும் ரூம்லதான்.”

“நல்ல குடும்பம். ஒருத்தரை ஒருத்தர் பாக்கணும்னா டோக்கன் எடுக்கணும் போல.” அத்தை மிஷினை நிறுத்திவிட்டு, போனையும் அணைத்து மேசையில் கவிழ்த்தாள். “போ. இனிமே லைன் போனா என்னைச் சொல்லாத. அண்ணியாவது அப்பப்ப படியில நின்னு ஒரு வார்த்தை பேசுவா. நீங்க ரெண்டு பேரும் இருக்கீங்களான்னே தெரிய மாட்டேங்குது.”

*

மேலே வந்தவள் கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருந்த ஒயரைப் பிடுங்கிவிட்டுப் புதுசு மாட்டினாள். பிறகு மூன்று காவல்காரர்களை நிறுத்தினாள்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. ‘பிங்’ என்று ஒரு கட்டளை உண்டு. ‘இருக்கியா?’ என்று கேட்கும், ‘இருக்கேன்’ என்று பதில் வரும், போய்வர எவ்வளவு நேரமானது என்று எழுதிவிட்டு மறுபடி கேட்கும். பதில் மெதுவாக வந்தால் குரல் இழுக்கும். வரவே இல்லையென்றால் அறுந்துவிட்டது. சலிக்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த வீட்டில் ஒருவர் இருக்கிறாரா என்று இன்னொருவரை அத்தனை தடவை கேட்டது அது ஒன்றுதான்.

முதல் காவல்காரன், ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து வெளியுலகத்தைக் கூப்பிட்டான். இரண்டாமவன், அதே கம்ப்யூட்டரிலிருந்து கூடத்து ரவுட்டரை மட்டும் கூப்பிட்டான். மூன்றாமவன், சுண்டுவின் போனிலிருந்து வைஃபை வழியாக வெளியுலகத்தைக் கூப்பிட்டான். அடுத்த முறை லைன் போகும்போது யார் யாருக்குப் பதில் நிற்கிறது என்று பார்த்தால் போதும். பழுது எந்தத் துண்டில் என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

மூவரும் நிம்மதியாக இருந்தார்கள். லைன் கல்லுமாதிரி நின்றது.

“சாப்பிட வரியா?” என்று அப்பாவின் குரல் கேட்டது.

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மூன்றாவது நாற்காலியில் இஸ்திரிக்குப் போகாத துணிகள் குவிந்திருந்தன. அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பிட்டார். மறுபடி பார்த்தார்.

“உப்பு சரியா இருக்கா?”

“இருக்குப்பா.”

“ம்.”

“அப்பா, மத்தியானத்துல உங்க போன்ல ஏதாவது பாக்கறீங்களா? லைன் ஏன் போகுதுன்னு தேடிட்டு இருக்கேன்.”

“போனா? இல்லையே.” அவர் எழுந்து தட்டைக் கழுவினார். “நான் போய்க் கொஞ்சம் கண்ணை மூடறேன்.”

கதவு சாத்திக்கொண்டது. சுண்டு தன் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். மூன்று காவல்காரர்களும் வரிவரியாகப் பதில் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

திடீரென்று முதலாமவனுக்குப் பதில் இழுத்தது. அப்புறம் நின்றது. இரண்டாமவனுக்கும் நின்றது. போனில் இருந்த மூன்றாமவன் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல வெளியுலகத்தோடு பேசிக்கொண்டிருந்தான்.

சுண்டு நிமிர்ந்தாள். தெருக்கம்பம் இல்லை. கம்பெனிக்காரன் இல்லை. ரவுட்டரும் இல்லை, போன் அதன் வழியாகத்தானே போகிறது. புது ஒயர். அப்படியென்றால் இந்தக் கம்ப்யூட்டருக்கும் பத்தடி தள்ளி இருக்கும் ரவுட்டருக்கும் நடுவே ஏதோ நடக்கிறது. பதில் வருகிறது, ஆனால் இங்கே வரவில்லை. வேறு எங்கேயோ போகிறது.

வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் உண்டு, வீட்டுக் கதவு எண்போல. ரவுட்டர் தபால்காரர். எண்ணைப் பார்த்துத்தான் கொண்டுபோய்க் கொடுப்பார். பெரும்பாலான வீடுகளில் ரவுட்டரே வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு எண்ணைக் கொடுத்துவிடும், யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால் சுண்டுவுக்கு ஒழுங்கு வேண்டும். இந்த வேலையைப் படித்துக்கொண்டிருந்த நாட்களில் எல்லாருடைய கருவியையும் வாங்கி, அவளே கையால் எண் போட்டாள். அப்பா பத்து. அம்மா பதினொன்று. அவள் பன்னிரண்டு. கீழே அத்தை பதின்மூன்று. மாறாத எண்கள்.

மூன்று வாரம் முன்னால் ஆபீசிலிருந்து இந்தக் கம்ப்யூட்டர் வந்தபோது அதற்கும் ஒரு மாறாத எண் கேட்டார்கள். பதினான்கு என்று போட்டிருக்கலாம். ஆனால் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் காலியாகக் கிடந்த இடம் அவள் கண்ணை உறுத்தியது. அம்மா டேப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள், இனி அந்த எண்ணுக்கு இங்கே யார் இருக்கிறார்கள் என்று பதினொன்றையே கொடுத்துவிட்டாள்.

சுண்டு போனில் ஒரு செயலியைத் திறந்தாள். வீட்டுக்குள் எல்லாருக்கும் கேட்கும்படி, ‘பதினொன்று யாரு?’ என்று அது குரல் கொடுக்கும். ஒருவர்தான் கை தூக்க வேண்டும். எண்ணை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் செய்யும்போதே போட்டுவிடுகிற ஓர் அடையாளம் உண்டு, முகத்தில் மச்சம்போல. கை தூக்குகிறவர் அந்த மச்சத்தையும் காட்டுவார்.

இரண்டு பேர் கை தூக்கினார்கள்.

ஒரே எண். இரண்டு மச்சம். ரவுட்டர் கடைசியாகக் கை தூக்கியவரை நம்பும் வெகுளி. கம்ப்யூட்டர் கை தூக்கினால் தபால் இங்கே வரும், மற்றது தூக்கினால் அங்கே போய்விடும். மாறி மாறித் தூக்கினால் பாதி இங்கே, பாதி அங்கே. மருந்துக்கடைக்காரரின் குரல் ஏன் எழுத்து எழுத்தாக உதிர்ந்தது என்று இப்போது புரிந்தது. உதிர்ந்த எழுத்தெல்லாம் வேறு யாரிடமோ போய்ச் சேர்ந்து, எனக்கு எதற்கு இது என்று குப்பையில் விழுந்திருக்கிறது.

யார் அந்த இன்னொருவர்?

ரவுட்டர் வைத்திருக்கும் பட்டியலைப் போனில் திறந்து பார்த்தாள். வைஃபையில் இருக்கும் கருவிகளுக்கு அவளே ஒரு காலத்தில் வைத்த பெயர்கள் வரிசையாக இருந்தன. அவற்றில் ஒன்றுக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

‘அம்மா.’

அதே நேரத்தில் அவள் கையில் போன் அதிர்ந்தது. ‘அம்மா உங்கள் தோட்டத்துக்கு நீர் ஊற்றினார்.’

வைஃபை எவ்வளவு தூரம் எட்டும் என்று அவளுக்குத் தெரியும். கூடம், இரண்டு அறை, படிக்கட்டு, கீழே அத்தை கடை. அவ்வளவுதான். வேறு ஊரிலிருந்து யாரும் இந்த ரவுட்டரில் வந்து சேர முடியாது. அம்மாவின் டேப் இங்கே இருக்கிறது என்றால் அம்மா...

அவள் ஓடிப்போய் வாசல் கதவைத் திறந்தாள்.

படிக்கட்டில் யாரும் இல்லை. கம்பிப் பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கீழே அத்தை நிறுத்திய மிஷினின் மௌனம். யாரோ ஏறி வந்து பாதியில் நின்றுகொண்டிருப்பார்கள் என்று அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெயில் மட்டும் சுவரில் விழுந்திருந்தது.

திரும்பி வந்தாள். அப்பாவின் கதவு பூட்டவில்லை. விரல் நுனியால் தள்ளினாள்.

அவர் படுத்திருக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். மடியில் அம்மாவின் டேப். சுட்டு விரலை நீட்டி, ஒரு லிஃப்ட் பொத்தானை அழுத்துகிற அதே கவனத்தோடு, ஒவ்வொரு செடியாக அழுத்தினார். நீர் விழுகிற சின்னச் சத்தம் வந்தது. ஒன்று முடிந்ததும் அடுத்தது. தன் வரிசை முடிந்ததும், திரையைத் தள்ளி அடுத்த தோட்டத்துக்குப் போனார்.

சுண்டு கதவை மெதுவாகச் சாத்தினாள்.

*

மேசைக்கு வந்து உட்கார்ந்தவளுக்கு முதலில் எதுவுமே ஓடவில்லை. தினமும் காலையிலும் மதியத்திலும் அவள் போனில் வந்த அந்த ஒற்றை வரி. அதை வைத்துக்கொண்டுதான் அவள் இத்தனை நாளைத் தள்ளினாள். அம்மா எங்கேயோ ஓரிடத்தில் உட்கார்ந்து அவளை நினைக்கிறாள் என்று. அம்மா ஒரு தடவைகூட வரவில்லை. வந்ததெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்.

கடிகாரம் மூன்றைத் தொட இன்னும் கொஞ்சம்தான் இருந்தது.

வழி இரண்டு இருந்தது. டேப்பின் எண்ணை மாற்றலாம், அல்லது கம்ப்யூட்டரின் எண்ணை. டேப்பை வாங்க வேண்டுமென்றால் அப்பாவிடம் கேட்க வேண்டும். சுண்டு ஆபீஸ் கம்ப்யூட்டரின் அமைப்பைத் திறந்து, பதினொன்று என்று இருந்த இடத்தில் பதினான்கு என்று அடித்தாள். ஒரே ஓர் இலக்கம். மூன்று வாரத் தலைவலி அதற்குள்தான் இருந்தது.

மூன்று காவல்காரர்களுக்கும் பதில் வர ஆரம்பித்தது.

மேடம் லைனில் வந்தார். ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் வரவேற்பில் இருக்கும் பெண்ணின் இணைப்பில் கோளாறு. சுண்டு கேள்வி கேட்டாள், காத்திருந்தாள், விளக்கினாள். போனில் ‘அம்மா’வுக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. லைன் ஒரு சொல்லைக்கூட விழுங்கவில்லை.

“நல்லா இருந்துச்சு,” என்றார் மேடம் கடைசியில். “என்னதான் பிரச்சினை?”

“ரெண்டு பேருக்கு ஒரே நம்பர் குடுத்துட்டேன் மேடம். என் தப்புதான்.”

“சரி. நீங்க அங்கேயே இருங்க. ஹாஸ்டல் ரூமை வேற ஆளுக்குக் குடுத்துடறேன்.”

சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று சுண்டு நினைத்தாள்.

பின்னால் ஏதோ சத்தம். அப்பா ஸ்டூலைப் போட்டுப் பரண்மேல் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். தூசியோடு ஒரு பயணப் பை கீழே விழுந்தது.

“என்னப்பா இது?”

“நாளைக்கு உங்க சித்தி வீட்டுக்குப் போய்ட்டு வரலாம்னு இருக்கேன்.”

சுண்டு அவரையே பார்த்தாள். அம்மா போன நாளிலிருந்து சித்தி வீடு என்ற சொல்லே இந்த வீட்டில் யார் வாயிலிருந்தும் வந்ததில்லை.

“எதுக்கு?”

அவர் ஸ்டூலிலிருந்து இறங்கினார். பையின் தூசியைத் தட்டினார். சொல்வதா வேண்டாமா என்று இருந்தவர், அறைக்குள் போய் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடத்தில் ஏதோ உடைத்துவிட்டு நிற்கிற பையன்போல இருந்தது அவர் முகம்.

“திட்டாத. இதை அவ விட்டுட்டுத்தான் போனா. என் அலமாரிக்குள்ள இருந்துச்சு. ஒருநாள் திறந்து பாத்தேன். எல்லாச் செடியும் தலை தொங்கிக் கெடந்துச்சு. அவ எவ்வளவு பாத்துப் பாத்து வளத்தா... அதான்.”

“நீங்களாப்பா? இந்த விளையாட்டையா?”

“கேவலமாத்தான் இருக்கு. என்ன பண்றது?” அவர் திரையைத் தட்டிக் காட்டினார். “அதை விடு. இங்க பாரு. நான் ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல பக்கத்து மனையில ஒரு ஆள் வந்துச்சு. பேரு பாத்தியா?”

தவளை.

“அந்தப் பேரு யாருக்குத் தெரியும் சொல்லு. உங்கம்மாதான். பழைய பாஸ்வேர்ட் மறந்து போயிருக்கும், அவளுக்கு எது ஞாபகம் இருந்துச்சு? புதுசா ஒண்ணு தொடங்கி நேரா என் பக்கத்துல வந்து உக்காந்துட்டா. நான் ஊத்துவேன், அவ நம்ம செடிக்கு ஊத்துவா. ஒரு நாள்கூடத் தவறினதில்ல.” அவர் குரல் தாழ்ந்தது. “நேத்து தைரியம் பண்ணி ஒரு பூ அனுப்பினேன். முப்பது வருஷத்துல நான் அவளுக்கு அனுப்பின மொதப் பூ. உடனே திருப்பி அனுப்பிட்டா.”



“அப்பா, அந்தத் தவளை...”

“ம்?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கண்களில் இருந்ததை அவள் இந்த வீட்டில் பார்த்து எவ்வளவோ காலமாகிவிட்டது. சொல்லிவிட்டால் பை மறுபடி பரணுக்குப் போகும். அவர் கதவைச் சாத்திக்கொள்வார். சொல்லாவிட்டால் நாளைக்கு ஒரு வாசலில் போய் நிற்பார். அந்தக் கதவைத் திறக்கப்போகிறவளுக்குப் பூவைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் இந்தத் தப்பு நடந்திருக்காவிட்டால், ரோஷம் பிடித்த இந்த மனிதர் அந்த வாசல்வரைக்கும் போயிருக்கவே மாட்டார்.

“ஒண்ணுமில்ல,” என்றாள். “நானும் வரட்டுமா?”

“வேண்டாம். உனக்கு வேலை இருக்கு. இப்பத்தான லைன் சரியாச்சு?”

“ஆமா. சரியாயிடுச்சு.”

அப்பா துணிக்குவியலிலிருந்து ஒரு சட்டையை உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெள்ளையில் நீலக் கோடு. “இது நல்லா இருக்குமா? கசங்கியிருக்கு.”

“குடுங்க. நான் இஸ்திரி போட்டுத் தரேன்.”

சட்டையோடு டேப்பையும் சேர்த்து அவள் கையில் வைத்தார்.

“நான் வர்ற வரைக்கும் நீ ஊத்து. காலையில ஒரு தடவை, சாப்பிட்டு ஒரு தடவை. பக்கத்துத் தோட்டத்துக்கும் மறக்காம ஊத்தணும், என்ன? அவ பாத்துட்டு இருப்பா. நிறுத்திட்டோம்னு நினைச்சுடக் கூடாது.”

“சரிப்பா.”

அவர் உள்ளே போய்ப் பையில் துணிகளை அடுக்க ஆரம்பித்தார். வாய்க்குள் ஏதோ ஒரு ராகம். அவருக்கு அது சுத்தமாக வரவில்லை.

சட்டையை நாற்காலியில் போட்டுவிட்டு, தன் போனையும் எடுத்துக்கொண்டு சுண்டு கூடத்தில் நின்றாள். ஒரு கையில் அம்மாவின் தோட்டம், இன்னொரு கையில் தவளையின் தோட்டம். நாளை காலை இரண்டுக்கும் அவளே ஊற்ற வேண்டும்.